வேடமும் மரியாதையும்

சிறப்பிக்கும் எண்ணத்தோடு நாம் செய்வது, யாரைச் சிறப்பிக்கிறோமோ அவரையே புண்படுத்துமாயின், நம் நல்லெண்ணம் எவ்வளவு தூரம் நமக்குத் துணை நிற்கும்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் இந்த வினாவோடு நெடுங்காலம் போராடியது.

1926ஆம் ஆண்டு, அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஒன்றின் இடைவேளையில், வெள்ளை இன மாணவர் ஒருவர் பழங்குடித் தலைவரைப்போல் வேடமிட்டு ஆடினார். 'சீஃப் இல்லினிவெக்' என்பது அவ்வேடத்தின் பெயர். கூட்டம் மகிழ்ந்தது, ஆட்டம் மரபாயிற்று. பின்வந்த தலைமுறையினர் அதைப் பயபக்தியோடு கண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கேலி செய்ய எண்ணவில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மறைந்துபோன ஓர் இனத்தைப் போற்றுவதாகவே நம்பினார்கள்.

ஆனால் அவ்வினம் மறைந்துவிடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலமிழந்து மேற்கே தள்ளப்பட்ட இல்லினாய் மக்களின் வழித்தோன்றல்கள், பியோரியா என்னும் பெயரில் இன்றும் ஓக்லஹோமாவில் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோரையே இயேசு சபைத் தந்தை மார்க்கெட் 1673இல் சந்தித்தார். 1675இல் அவர்களிடையே மறைபணித்தளமும் அமைத்தார். ஆடியவர் அணிந்த உடையோ இம்மக்களுடையது அன்று. தொலைவில் வாழ்ந்த சூ இனத்தாரின் பாணியில் அமைந்தது. (பெயரைக்கூட நாம் சரியாகச் சொன்னதில்லை, 'செவ்விந்தியர்' என்றே எழுதிப் பழகினோம்.)

ஸ்போகேன் இனத்தைச் சேர்ந்த ஓவியர் சார்லின் டீட்டர்ஸ் அப்பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, தம் இரு பிள்ளைகளைக் கூடைப்பந்தாட்டம் காண அழைத்துச் சென்றார். வேடம் ஆடத் தொடங்கியதும் பிள்ளைகள் இருக்கையிலேயே கூனிக் குறுகினர். அதன்பின் அத்தாய் பதாகை ஏந்தி அரங்க வாயிலில் நின்றார். ஏளனத்தையும் வசையையும் தாங்கினார். 2000இல் பியோரியா மக்களின் மன்றமும் அவ்வேடத்தைக் கைவிடக் கோரியது. 2007 பிப்ரவரி 21 அன்று கடைசி ஆட்டம் நிகழ்ந்தது. பல்கலைக்கழக விளையாட்டுகளை நெறிப்படுத்தும் தேசிய அமைப்பு 2005இல் விதித்த தடைகளும் அதற்குக் காரணம். மனமாற்றம் மட்டுமே என்று சொல்லிவிட முடியாது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாளில், செயல், நோக்கம், சூழல் என்னும் மூன்றையும் எடைபோடக் கற்றோம். நோக்கம் நல்லதாயிருப்பதால் மட்டும் செயல் நல்லதாகிவிடாது என்பது தூய அக்குவினாவின் தெளிவான போதனை. இல்லினாயில் நோக்கத்தைப் பற்றியே எல்லாரும் பேசினர்; அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவர் சிலரே. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகமோ 'செமினோல்' என்னும் பெயரை அம்மாநிலச் செமினோல் மக்களின் இசைவோடு இன்றும் வைத்திருக்கிறது. இசைவு எல்லா ஐயங்களையும் தீர்த்துவிடாது. எனினும் அங்கே உரியவர்களின் சொல்லுக்கு இடமிருந்தது.

தந்தை மார்க்கெட்டின் பெயர் தாங்கிய மில்வாக்கி இயேசு சபைப் பல்கலைக்கழகம், 'போர்வீரர்கள்' என்ற தன் அணிப்பெயரை 1994இல் கைவிட்டது. முன்னாள் மாணவர் பலர் வருந்தினர். பழைய பெயரை மீட்கும்படி பத்தாண்டுகளுக்குப் பின்னும் வற்புறுத்தினர். அந்த வருத்தத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அவர்களின் இளமையே அப்பெயரோடு பிணைந்திருந்தது. ஆயினும் பல்கலைக்கழகம் அப்பெயருக்குத் திரும்பவில்லை.