குடைக்கு அடியில் ஓர் ஏது

காட்டுக் காளானை உண்ணலாமா என்பது அடுப்படிக் கேள்வியாகத் தோன்றினாலும் உண்மையில் அளவைநூலாரின் கேள்வி. கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை வைத்துத் தெரியாத குணத்தை எப்போது துணிந்து சொல்லலாம்? ஐரோப்பிய ஓக் மரங்களின் வேரை ஒட்டி வாழும் ‘டெத் கேப்’ (அமானிட்டா ஃபாலாய்டஸ்) இதற்குக் கடுமையான சோதனை. மங்கிய பச்சைக் குடை, அதன் அடியில் தண்டைத் தொடாத வெள்ளைச் செவுள்கள், தண்டில் பாவாடைபோல் தொங்கும் வளையம், அடியில் மண்ணுக்குள் மறைந்த பை. வெள்ளிக் கரண்டி கறுக்கும், பூச்சி அரித்தது நஞ்சாகாது என்னும் பழைய விதிகள் இதனிடம் செல்லாது. அவற்றை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. எனக்கு முக்கியமாகப் படுவது, நல்ல விதியே கைவிடும் இடம்.

தென்கிழக்கு ஆசியாவில் வைக்கோல் காளானை இளம் முட்டைப் பருவத்திலேயே பறிப்பார்கள். முட்டை வடிவம், அடியில் பை, ஆகவே உண்ணலாம் என்ற கருதல் அங்கே தலைமுறைகளாகப் பலித்துவந்தது. அதே கருதலோடு கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தவர்களில் சிலர், மரக்கன்றுகளின் வேரோடு அங்கே வந்து சேர்ந்திருந்த டெத் கேப்பைத் தின்று இறந்தார்கள். நெருப்பிருந்தால் புகையிருக்கும் என்பதில் ஈர விறகு என்ற நிபந்தனை ஒளிந்திருப்பதை நியாய நூலார் உபாதி என்பர். இங்கே ஒளிந்திருந்த உபாதி ஊர். எத்தனை ஆயிரம் முறை பலித்தாலும் உபாதியைத் தேடாதவரை ஒரு விதி வியாப்தி, அதாவது விலக்கில்லாத தொடர்பு, ஆகாது.

அப்படியானால் கருதலையே விட்டுவிட்டுக் காட்சியை மட்டும் நம்பலாமே என்பார், காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் உலோகாயதர். ஆனால் தின்று பார்ப்பதுதான் இங்கே காட்சி. நஞ்சு தன்னைக் காட்ட ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாந்தியும் பேதியும் நின்று தேறியதுபோல் இருக்கையிலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இவ்வளவு தாமதமாக வரும் காட்சியால் உண்டவருக்குப் பயனில்லை. பெரியோர் உரையை நம்பலாமே என்றால், குடிபெயர்ந்தவர்கள் நம்பியதும் அத்தகைய உரையைத்தான். அது பொய்யல்ல, மனமறிந்த ஏமாற்றும் அல்ல. சொன்னவர் அறிந்த நிலத்துக்கு அது உண்மை. ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர், என்பதற்கு நேர்மை மட்டும் போதாது, கேட்கப்படும் பொருளை அறிந்திருக்கவும் வேண்டும்.

ஏது, அதாவது கருதலுக்குக் காரணமாகும் அடையாளம், ஒன்று போதாமல் பல கூடும்போது கருதல் வலுப்பெறுகிறது. விரிந்த குடையைத் தாளில் கவிழ்த்து வைத்தால் வைக்கோல் காளானின் வித்துத்தூள் இளஞ்சிவப்பாகவும் டெத் கேப்பின் தூள் வெள்ளையாகவும் படியும். முட்டைப் பருவத்திலோ குடை இன்னும் விரியவில்லை, உதிரத் தூளும் இல்லை. அந்த நிலையில் நஞ்சு என்றோ உணவு என்றோ துணிய ஏதுவில்லை. அளவையறிந்தவர் ஐயத்தோடு நிற்க வேண்டியதுதான், கூடை காலியாக இருந்தாலும்.