நட்சத்திரக் கையெழுத்து

படைப்புதான் முக்கியம், படைத்தவர் பெயர் அல்ல என்று இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. யூடித் லெய்ஸ்டரைப் பற்றி அறிந்த பிறகு என்னால் அதற்குத் தலையாட்ட முடிவதில்லை.

1609இல் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் பிறந்த ஓவியர் அவர். 1633இல் அந்நகர ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். பெண்களுக்கு அரிதாகவே கிடைத்த இடம் அது. 'லெய்ஸ்டர்' என்றால் வழிகாட்டும் விண்மீன். அதனால் தம் முதலெழுத்துகளோடு ஒரு நட்சத்திரத்தையும் சேர்த்துக் கையெழுத்திட்டார். 1636இல் யான் மீன்ஸ் மோலனார் என்ற ஓவியரை மணந்தார். அதன் பிறகு அவர் வரைந்தவையாக மிகச் சிலவே கிடைக்கின்றன. 1660இல் இறந்தார். பெயர் மறைந்தது, ஓவியங்கள் மறையவில்லை. அவற்றுள் பல, அதே ஊரின் பெரும் ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸின் பெயரில் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புகழப்பட்டன.

1893இல் உண்மை வெளிவந்தது. ஹால்ஸ் வரைந்ததென்று லண்டனில் விற்கப்பட்ட ஓர் ஓவியத்தில் லெய்ஸ்டரின் நட்சத்திரம் இருந்தது. வழக்கு மூண்டது. புதிதாக ஓர் ஓவியர் கிடைத்தாரென்று அங்கே யாரும் மகிழவில்லை; விலையைக் குறைப்பதே பேச்சாக இருந்தது. குறைக்கவும் பட்டது. இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓவியத்தில் ஒரு தீற்றல்கூட மாறவில்லை. மாறியது பெயர் மட்டுமே. பெயர் முக்கியமில்லை என்றால் பணம் ஏன் குறைய வேண்டும்?

சந்தை வேறு, கலை வேறு என்று சொல்லலாம். ஆனால் அத்தனை காலமும் அவற்றை ஹால்ஸுக்கே உரியவை என்று நம்பியவர்களில் தேர்ந்த ரசிகர்களும் இருந்தார்கள். லெய்ஸ்டரும் பெயரைத் துறந்த ஞானி அல்லர். தம்மிடம் பயின்ற மாணவன் ஹால்ஸின் பட்டறைக்குப் போனபோது, சங்கத்தில் முறையிட்டுப் பணம் கேட்டவர். தமக்குரியதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெயரைத் துறப்பது பெருமைதான். ஆனால் துறப்பதற்கு முதலில் அது நம்மிடம் இருக்க வேண்டும். பறிக்கப்பட்டவரிடம் போய்ப் பற்றின்மையைப் போதிப்பது அறமாகாது.

இதனால் அவரை ஹால்ஸைவிட உயர்த்த வேண்டுமென்று நான் சொல்லவில்லை. இரக்கத்தால் கூட்டிச் சொல்லும் புகழும் ஒருவகைப் பொய்தான். பெயரைத் திருப்பிக் கொடுப்பது பாராட்டு அல்ல, கடன் தீர்ப்பது. பாராட்டுவதா வேண்டாமா என்பதை, அந்தப் பெயரோடு சேர்த்து ஓவியத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.