நீலப்புள்ளியும் நானும்

லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ள முதியவரின் தலையில் மெய்நிகர் கருவியை மாட்டி, எங்குமே இல்லாத ஒரு நகரத்தில் வழி கண்டுபிடிக்கப் பழக்குகிறார்கள். கைப்பேசி வரைபடம் இருக்கையில் இது வீண் வேலை என்பவர்களுக்குத் தத்துவத் துணையும் உண்டு. ஆண்டி கிளார்க்கும் டேவிட் சால்மர்ஸும் 1998இல் எழுதிய கட்டுரையில் ஓட்டோ என்ற கற்பனை அல்சைமர் நோயாளி, நியூயார்க் அருங்காட்சியகத்தின் முகவரியைக் குறிப்பேட்டில் பார்த்துப் போகிறார்; அக்குறிப்பேடு அவர் மனத்தின் பகுதியே என்பது அவர்கள் வாதம். நினைவுக்கு அது பொருந்தலாம், இடஉணர்வுக்குப் பொருந்தாது. ஜான் ஓ'கீஃப் 1971இல் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கண்ட 'இடச்செல்கள்', எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது இயங்குபவை. வாழ்வில் நடந்ததை மனிதர் நினைவுகூர்வதற்கும் அதே பகுதி வேண்டும். அல்சைமர் தொடக்கத்திலேயே தாக்குவதும் அதையும் அதை ஒட்டிய புறணியையும்தான். அதனால், வழி தவறுவதை வெறும் தகவல் குறைவு என்று ஒதுக்க முடியாது. 'நான் இங்கே நிற்கிறேன்' என்ற பிடியே தளர்கிறது. அதைத்தான் கைப்பேசி வரைபடத்தின் நீலப்புள்ளி காட்டுகிறதே என்பார்கள். அந்தப் புள்ளி தான்தான் என்று அறிய வேண்டியவர் அந்த முதியவரல்லவா?

பொய்யான நகரத்தில் மெய்யான அறிவு எப்படி வரும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. மெய்நிகர் வெளியில் எலிகளின் இடச்செல்கள் குறைவாகவே இயங்கின என்று 2013இல் ஓர் ஆய்வு காட்டியது; உடல் உண்மையில் இடம்பெயராத இடம் அரைகுறை இடம்தான். ஆனால் இது பயிற்சியின் எல்லையைச் சொல்கிறதே தவிர, அதைப் பொய்யாக்கவில்லை. திரையில் எடுத்த மதிப்பெண்ணை வைத்து எவரும் பெருமைப்பட வேண்டாம். அந்த முதியவர் தனியாகக் கடைக்குப் போய்த் திரும்ப முடிகிறதா என்பதே அளவுகோல்.