ஒரே புத்தகம் தந்தால் சமநீதியா?

“எல்லோருக்கும் ஒரே பள்ளி, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். இதைவிடச் சமத்துவம் வேறென்ன வேண்டும்?” என்று கேட்போர் உண்டு. கேட்கும்போது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால், செவிக்கு இனிப்பதெல்லாம் சிந்தனைக்குப் பொருந்துமா, தோழர்களே?

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ மாநகரைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில், அந்நகர அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் அறியாத சீன மரபுப் பிள்ளைகள் ஏறத்தாழ 2,800 பேர் பயின்றனர். அவர்களுள் சுமார் 1,000 பேருக்கே ஆங்கிலம் கற்கத் தனி உதவி கிடைத்தது. எஞ்சிய 1,800 பேர்? வகுப்பில் அமர்ந்தனர், புத்தகத்தைப் புரட்டினர், ஆசிரியரின் வாயசைவைக் கண்டனர். பள்ளியின் கதவு திறந்திருந்தது. கல்வியின் கதவோ பூட்டிக் கிடந்தது!

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். பிள்ளைகள் தத்தம் சூழலுக்கேற்ற வசதியோடும் குறையோடுமே பள்ளிக்கு வருகிறார்கள், அந்தக் குறையைப் பள்ளி உண்டாக்கவில்லை என்ற போக்கில் மேல்முறையீட்டு மன்றம் கைவிரித்தது. ‘தலைவிதி’ என்ற பழைய பல்லவிக்குச் சட்ட உடை போர்த்திய வாதமன்றோ இது!

1974 ஜனவரி 21 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஒருமனதாகத் தகர்த்தது. ஒரே கட்டடம், ஒரே பாடத்திட்டம் தந்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாகாது. மொழி புரியாத பிள்ளைக்குப் பயனுள்ள கல்வி மறுக்கப்படுகிறது என்றது. 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டமே அதற்கு ஆதாரம். ஆனால் பரிகாரம் இன்னதென்று மன்றம் வரையறுக்கவில்லை. கணக்கையும் அறிவியலையும் தாய்மொழியில் கற்றுக்கொண்டே ஆங்கிலமும் பயிலும் இருமொழிக் கல்வி, பரிகாரங்களுள் ஒன்றாயிற்று.

எதிர்ப்பு ஓய்ந்ததா? இல்லை. 1998இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து இருமொழிக் கல்வியைப் பெரிதும் முடக்கினர். 2016இல் அவர்களே வாக்களித்து அத்தடையை நீக்கினர்.

“தனி வகுப்பு பிள்ளைகளைத் தனிமைப்படுத்தாதா?” என்ற கேள்வியைப் புறந்தள்ள வேண்டாம். தாய்மொழி வகுப்பு பாலமாக அமையாமல் பட்டியாக அமைந்தால், அதுவும் அநீதியே! அதனால்தான், ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளும் உடனமர்ந்து சீனமொழி கற்கும் வகுப்புகள் இன்று அதே நகரின் அரசுப் பள்ளிகளில் நடப்பது நம் கருத்தைக் கவர்கிறது. அங்கே எவர் மொழியும் குறையன்று. இருவருக்கும் அது செல்வம்.

கொடுத்தவன் கையைப் பார்த்துச் சமத்துவத்தை அளக்காதீர். பெற்ற பிள்ளையின் அறிவைப் பார்த்து அளப்பீர்! விளங்காத மொழியில் வழங்கிய கல்வி, வழங்காத கல்வியே.