சம்மதம் என்பது யாது?

தம் நோய்க்கு மருந்து இன்னதென்று உலகம் இன்னும் முற்றும் தெளியாத நிலையில், அதைக் கண்டறியும் பொருட்டு ஒருவர் தாமே முன்வந்து தம் உடம்பை வைத்தியர் கையில் ஒப்படைக்கலாமா? ஒப்படைப்பாராயின் அது தருமமா, பேதைமையா, அன்றி வறுமையின் நிர்ப்பந்தமா? இக்கேள்வியை நம்மவரிடம் போட்டால், பெரும்பாலோர் யோசியாமலே விடை கூறி விடுவர்: "நாம் என்ன சோதனை எலிகளா?" விடை விரைந்து வருகிறது என்பதனாலேயே அதைச் சரியான விடையென்று கொள்ள நாம் தயாராக இல்லை.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட நோயோ, பலர் நோயென்றே ஒப்பாதது. அதனை அளவிறந்து உண்ணும் நோய் எனலாம். பசியில்லாத போதும், வயிறு நிறைந்த பின்னும், தன்னை அடக்க மாட்டாமல் சிறிது நேரத்துக்குள் மிகுதியாக உண்பதும், உண்ட பின் தன்னையே அருவருப்பதும் இதன் குறிகள். வாரத்துக்கு ஒரு முறையேனும் மூன்று மாதம் இவ்வாறு நிகழுமாயின் அது நோயென்பது வைத்தியர் வகுத்துள்ள கணக்கு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்னும் அமெரிக்க வைத்தியர் 1959இலேயே இதனை விவரித்து எழுதினார். எனினும் அந்நாட்டு மனநோய் வைத்தியர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் நூலில் ஏற்றது 2013இல்தான். அதுவரையில் இந்நோயாளிக்குக் கிடைத்தது மருந்தன்று. "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்னும் வசையே.

நமது பேராக் மாநிலத்தில் இவ்வசை இரட்டிப்பாகிறது. ஈப்போவின் புந்தோங் வட்டாரத்தில் வாழும் ஓர் அம்மாளை எண்ணிப் பாருங்கள். அவருடைய பாட்டி ரப்பர்த் தோட்டத்து லயத்தில், 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் காத்தவர். சோற்றை வீணாக்குவது பாவம் என்று அப்பாட்டி கற்பித்தது வீட்டில் இன்னும் சட்டமாக இருக்கிறது. தட்டில் மேலும் மேலும் இடுவதே அன்பென்பது மற்றொரு சட்டம். எல்லோரும் உறங்கிய பின் அடுக்களையில் நின்றபடியே உண்டுவிட்டு அழும் அவ்வம்மாள் இதை யாரிடம் சொல்வார்? மனத்தைச் சார்ந்த நோய் என்று சொல்லிவிட்டாலோ, 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பெற்ற மனநோய் மருத்துவமனையின் பெயர் உடனே எழும். நோயைத் தீர்க்க எழுந்த ஓர் இடத்தின் பெயரைத் தெருவில் பிறரைப் பழிக்கும் சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் நம்முடையது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவின் வயது வந்தோரில் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே மட்டும் அது 31.4. நீரிழிவெல்லாம் இந்நோயால் வந்ததென்று நாம் கூறவில்லை. ஆனால் நீரிழிவுள்ள உடம்பில் இந்நோயும் சேர்ந்தால் விளைவு யாதென்பதை விளக்க வேண்டுவதில்லை.

இனி, "சோதனை எலிகளா?" என்னும் சொல்லுக்கு வருவோம். அச்சொல் வெறும் அச்சத்தில் பிறந்ததன்று. அதற்கு இம்மண்ணில் வேர் உண்டு.

கிந்தாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் பெரிபெரி நோயால் பெருந்தொகையினராய் மடிந்த காலம் ஒன்று இருந்தது. அதே நாட்டில் புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழர்களை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் இதனைக் கண்டு, தீட்டிய சயாம் அரிசியே குற்றவாளி என்று வாதிட்டார். அதை மெய்ப்பிக்க வேண்டுமே! கோலாலம்பூர்ப் பைத்தியக்கார விடுதியில் 1905 டிசம்பரில் வைத்தியர் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் ஒரு கொட்டடிக்கு. அவர்களுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண்ணினர் மற்றொன்றுக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் அந்நோயால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. அந்த அறிவினால் பிற்காலத்தில் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பது மெய். அந்த 18 பேரிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்பதும் மெய். தோட்டத்திலோ, விடியற்காலைப் பெரட்டில் நிற்கும் தொழிலாளியின் வாயில் கொயினா ஊற்றப்பட்டது. அது அவன் நன்மைக்கே ஆயினும், வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை இருந்ததா? வைத்தியம் நம் முன்னோருக்குக் கட்டளையாகவே வந்தது. அவர்தம் பேரர் வைத்தியரின் காகிதத்தைச் சந்தேகத்தோடு நோக்குவதில் வியப்பென்ன?

ஆயினும் வேறொரு வரலாறும் உண்டு; அது நம் பொருளுக்கு மிக அணுக்கமானது. 1944 நவம்பரில், போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராது என்று மறுத்த 36 அமெரிக்க இளைஞர்கள், பட்டினியின் இயல்பை அறியும் ஆராய்ச்சிக்குத் தாமே முன்வந்தனர். மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார் அவர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். பின்னர் உணவு தாராளமாகக் கிடைத்தபோது அவர்களிற் சிலர் வயிறு கொள்ளாத அளவு உண்டும் பசி அடங்கவில்லை என்றனர். ஓர் அரசாங்கத்தையே எதிர்த்து நின்ற அவர்களை மன உறுதி அற்றவர் என்று யார் சொல்லத் துணிவர்? அடங்காத உண்கை குணக்கேடன்று, உடம்பும் மனமும் படும் பாடு என்று நாம் இன்று பேச முடிகிறதென்றால், அதற்கு அவர்கள் பட்ட துன்பமும் ஒரு காரணம். அவர்கள் முழுச் சுதந்திரர்களா எனின், அல்லர்; மாற்று ஊழிய முகாமே அவர்களுக்கிருந்த மறுவழி. ஆனால் கோலாலம்பூரில் எண்ணப்பட்டவர்களுக்கு அந்த மறுவழியும் இல்லை.

1947இல் நூரம்பர்க் நீதிமன்றம், நாஜி வைத்தியர்களின் கொடுமையை விசாரித்த பின், பரிசோதிக்கப்படுபவரின் சுயேச்சையான சம்மதம் இன்றியமையாதது என்று விதித்தது. அவ்விதியில் நாம் பெரிதாக மதிப்பது மற்றோர் உறுப்பை: எந்தக் கட்டத்திலும் விலகிக்கொள்ளும் உரிமையை. கையொப்பம் வாங்குவது எளிது. கங்காணியும் நம் பாட்டன்மாரிடம் கைந்நாட்டு வாங்கினான். விலகினால் வேறு சிகிச்சை மறுக்கப்படுமோ, வைத்தியர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சம் நோயாளிக்கு இருக்கும் வரையில், அக்காகிதம் சம்மதப் பத்திரமாகாது.

அவ்வச்சம் இல்லாத இடத்தில் அவ்வம்மாள் தாராளமாக முன்வரலாம் என்பதே நம் அபிப்பிராயம். வெறும் மாத்திரை கிடைத்தால் என் செய்வது என்பர். கிடைக்கலாம், சீட்டுக் குலுக்கல் போன்றதே அது. அதை முன்கூட்டிச் சொல்லிவிடுவதே நேர்மை. இந்நோய்க்கென 2015இல் அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி பெற்ற லிஸ்டெக்ஸாம்பெட்டமின் மருந்தின் பெரும் பரிசோதனைகள் இரண்டனுள் ஒன்றில், முடிவில் நான்கு வாரம் முற்றும் நோயற்றிருந்தோர், மருந்துண்டவரில் 100க்கு 40. வெறும் மாத்திரை உண்டவரிலும் 14. வெறும் மாவு ஒருவரைக் குணப்படுத்துமா? தம் உண்கையை நாள்தோறும் எழுதி, இகழாத ஒருவரிடம் காட்டியதும் ஓரளவு மருந்தாயிற்றோ என்று எண்ணத் தோன்றுகிறது. இம்மருந்தும் ஆம்பெட்டமின் இனத்தது. பழக்கமாகப் பற்றிக்கொள்ளும் அபாயம் உடையது. அதனையும் அவர் தமிழில், தமக்கு விளங்கும் தமிழில், கேட்டறிய வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போகும் செலவையும், இழந்த நாட்கூலியையும் கொடுப்பது நியாயம். கொடாமை, ஏழையின் தியாகத்தில் மிச்சம் பிடிப்பதாகும். ஆனால் அத்தொகைக்காகவே ஒருவர் தம் நோய்களை மறைத்து வரும் அளவுக்கு அது உயருமானால், மீண்டும் நாம் பெரட்டுக் களத்தில்தான் நிற்கிறோம்.

எஞ்சியிருப்பது ஒன்று. பரிசோதனை முடிந்து, மருந்து பயன்படுவதென்று தெரிந்து, அது ஏதோ ஒரு தேசத்தில் பெரும் விலைக்கு விற்கப்படும்போது, அவ்வம்மாளுக்கு அம்மருந்து கிடைக்குமா? எத்தனை மாதத்துக்கு, யார் செலவில்? கையொப்பமிடுமுன் அவர் இதனை எழுத்தில் கேட்கட்டும். விடை சொல்ல வேண்டியவர் மேசைக்கு அப்புறம் இருப்பவர்.