செம்பில் களிம்பு

சமய வகுப்பில் இருபது வருடமாக ஒரே உவமையைத்தான் சொல்லி வருகிறேன். செம்பில் களிம்பு எப்போது ஒட்டியது என்று சொல்ல முடியுமா? கூடவே பிறந்தது. உயிரில் ஆணவமும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று வீட்டுச் செம்புச் சொம்பைக் கையோடு எடுத்துப் போவேன். புளியும் உப்பும் வைத்து ஒரு பையன் தேய்க்க, பச்சை போய்ச் சிவப்பு பளிச்சென்று வரும். "இதுதான்லா முத்தி" என்பேன். சிரிப்பார்கள். வகுப்பு முடிந்துவிடும்.

இந்த வருடம் அதில் மண் விழுந்தது. சுபாங் ஜெயாவில் என்னோடு தங்கிப் படிக்கிற தங்கை மகள் மெத்தனாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறாள். "பெரியம்மா, உங்க களிம்பத்தான் நான் லேப்ல உக்காந்து செய்யறேன்" என்று கைப்பேசியில் படம் காட்டினாள். வடிதாளில் நீலப்பச்சைக் கசடு. என் சொம்பின் கழுத்தில் இருப்பதே நிறம்.

செம்பு, துத்தநாகம், அலுமினியம் மூன்றின் நைட்ரேட் கரைசலில் சோடியம் கார்பனேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். செம்பின் கார்பனேட்டும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து பச்சையாய் அடியில் இறங்குகிறது. களிம்பும் அந்த இனம்தான். அதைச் சுட்டால் கறுப்பு ஆக்சைடு. கறுப்பின் மேல் சூடான ஹைட்ரஜனை விட்டால் ஆக்சிஜன் கழன்று செம்பு வெளியே வருகிறது. அதன் மேல் 250 பாகைச் சூட்டில் மெத்தனாலும் நீராவியும் போனால், ஒரு மெத்தனாலுக்கு மூன்று ஹைட்ரஜன், ஒரு கரியமில வாயு. இதே கூட்டைத்தான் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் 1966இல் மெத்தனால் உண்டாக்க இறக்கியது. கட்டுவதும் அதுவே, உடைப்பதும் அதுவே.

"இத்தனை சுற்று எதுக்கு? கடையில செம்புக் கம்பி வாங்கிப் போடேன்."

"கம்பி சும்மா கிடக்கும் பெரியம்மா. களிம்பு வழியா வந்தாத்தான் கண்ணுக்குத் தெரியாத பொடிமணியா வரும். மணி பொடியாக ஆக, வேலை நடக்கிற பரப்பு கூடும்."

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. நான் களிம்பைத் தொலைக்கச் சொல்லிக்கொடுத்தேன். இவளோ களிம்பில்லாமல் தொடங்கவே முடியாது என்கிறாள். சைவ சித்தாந்த சாத்திரத்தைப் புரட்டினால், அது என்னைவிட நிதானமாக இருக்கிறது. அழுக்குத் துணியை வண்ணான் சாணியும் உவர்மண்ணும் இட்டு வெளுப்பதுபோல, இறைவன் மாயை என்ற அழுக்கைக் கொண்டே ஆணவ மலத்தைக் கழுவுகிறான் என்ற உவமை அங்கே உண்டு. ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை, அதன் சத்திதான் மடங்குகிறது என்பதும் உண்டு. முப்பது நிமிட வகுப்பில் பையன்கள் நெளிவார்களே என்று இதையெல்லாம் நான் தாண்டிப் போயிருக்கிறேன். தப்பு உவமையில் இல்லை, என் அவசரத்தில்.

துத்தநாகத்தின் கதைதான் என்னை விடவில்லை. ஹைட்ரஜன் செம்பைக் கழுவுகிறது. துத்தநாக ஆக்சைடு அசைவதில்லை, ஆக்சைடாகவே நிற்கிறது. அது நடுவில் நிற்பதால்தான் செம்புமணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கின்றன. 300 பாகைக்கு மேல் போனால் அதாலும் தடுக்க முடியாது. மணிகள் உருண்டு சேர்ந்து பெருத்து, வேலை படுத்துவிடும். தனக்கு முத்தி கிடைக்காமல் பக்கத்தில் இருப்பவனைக் காக்கிற இதற்குச் சித்தாந்தத்தில் என்ன இடம்? எனக்குத் தெரிந்த உவமை எதிலும் அது அடங்கவில்லை.

இன்னொன்றும் சொன்னாள். சுத்தமான அந்தச் செம்புப் பொடியை நேராகக் காற்றில் காட்டினால் கனன்றுவிடுமாம். அதனால் துளித்துளியாகக் காற்றை விட்டு, மேலே மெல்லிய ஆக்சைடுத் தோல் படிந்த பிறகுதான் வெளியே எடுப்பார்களாம்.

"உயிரோட இருக்கும்போதே முத்தி அடைஞ்ச சீவன்முத்தருக்கும் பிராரத்த வினை தீர்ற வரைக்கும் உடம்பு இருக்கும்மா" என்றேன் சோற்றைப் பிசைந்தபடி.

"சரி பெரியம்மா, ரசம் ஊத்துங்க" என்றாள்.