எண்பது நொடிகளின் அறம்

ஒரு பாடவேளை நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அந்தக் கணக்கு மீறப்படாத நல்ல பள்ளியிலும்கூட, நேரத்தைச் சரிசமமாகப் பங்கிட்டால் ஒரு பிள்ளையின் பங்கு 80 நொடி. அதை எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுப்பது நியாயமா? ஒரு பிள்ளைக்கு 20 நொடியும் இன்னொரு பிள்ளைக்கு ஐந்து நிமிடமும் கொடுப்பது நியாயமா? பந்தியில் ஓர் இலைக்கு இரண்டு கரண்டியும் அடுத்த இலைக்கு அரைக் கரண்டியும் வைத்தால் கேள்வி எழத்தானே செய்யும்? வகுப்பறையிலும் பெற்றோர் அதே கேள்வியைத்தான் எழுப்புகிறார்கள். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. வேறுபட்ட தேவைகளோடு வரும் பிள்ளைகளுக்கு வேறுபடுத்திக் கற்பிக்க வேண்டும் என்று சொல்பவர்கள், அது ஏன் ஓரவஞ்சனை ஆகாது என்பதையும் விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்தக் கேள்வி கூர்மையாக எழும் இடங்களில் ஒன்று சென்னையின் மேற்குப் புறநகர். வந்து குடியேறியவர்களால் வளர்ந்த வட்டாரம் இது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார்கள். இன்று பட்டறைகளிலும் கட்டட வேலையிலும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். ஆவடியில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அவர்கள் வீட்டுமொழி வாக்ரிபோலி. 2022-இல் அங்குள்ள மாணவிகள் தாங்கள் சந்திக்கும் புறக்கணிப்பைப் பொதுவெளியில் பேசினார்கள். அந்த ஏப்ரலில் முதலமைச்சர் அந்தக் குடியிருப்புக்கே சென்றார். அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் நரிக்குறவரைச் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. ஆனால் அந்தக் குடியிருப்புப் பிள்ளையின் அன்றாடம் மாறுவதும் மாறாததும் வகுப்பறைக்குள்தான்.

அந்த வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்புக் கரும்பலகையில் ‘தங்கம்’ என்று எழுதியிருக்கிறது. வீட்டில் தமிழ் பேசி, மாலையில் டியூஷனுக்கும் போகும் பிள்ளை அதை ஒரே மூச்சில் படித்துவிடும். ஒடியா படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. ஒடியா எழுத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலி. தமிழில் இருப்பது ஒரே ‘க’. அது ‘கல்’லில் ஒரு மாதிரி, ‘தங்க’த்தில் ஒரு மாதிரி, ‘மக’னில் வேறொரு மாதிரி ஒலிக்கிறது. தாய்மொழியாகத் தமிழ் பேசுபவருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, காது பார்த்துக்கொள்கிறது. ‘தங்கம்’ என்பதை வல்லினமாக அழுத்திப் படிக்கும் பிள்ளை மந்தமான பிள்ளை அல்ல; தான் கற்ற ஒழுங்கை அது பிசகாமல் பின்பற்றுகிறது. பக்கத்தில், எழுத்துகளைக் கோத்துப் படிக்கும் திறனிலேயே தடை உள்ள பிள்ளை ஒன்று, டிஸ்லெக்சியா என்று மருத்துவம் சொல்வது. அதன் முன்னால் ‘கொக்கு’. ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, துணைக்கால் பின்னால் நிற்கிறது, ‘க’ நடுவில். கண் பார்க்கும் வரிசை ஒன்று, வாய் சொல்ல வேண்டிய வரிசை வேறொன்று. இந்த மூன்று பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தாலும், மூவரின் தேவையும் ஒன்றல்ல. முதல் பிள்ளைக்கு அடுத்த பாடம் வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அந்த ஒலி விதியை யாராவது வாய்விட்டுச் சொல்லித் தர வேண்டும். மூன்றாவது பிள்ளைக்கு எழுத்தைப் பிரித்து, தொட்டு, மெதுவாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

மூவருக்கும் 80 நொடி வீதம் ஒரே பாடத்தைச் சொல்லிவிட்டு, ‘நான் எல்லாரையும் சமமாகத்தான் நடத்தினேன்’ என்று சொல்வது உண்மைக்கு ஒத்துவராது. பங்கிடப்பட்டது ஆசிரியரின் குரல் மட்டுமே. கல்வி முதல் பிள்ளைக்குத்தான் போய்ச் சேர்ந்தது, அதுவும் வீடு பாதி வேலையை ஏற்கெனவே முடித்துவிட்டதால். ஆகவே பள்ளியின் நேரத்தைப் பங்கிட நியாயமான அளவுகோல் இதுவாகத்தான் இருக்க முடியும்: இந்தப் பிள்ளைக்கு இது வேறு எங்கே கிடைக்கும்? வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர், டியூஷன், அலைபேசியில் பாடம் என்று பல வாசல்கள் உள்ள பிள்ளைக்குப் பள்ளி அவற்றுள் ஒன்று. வேறு வாசலே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி மட்டும்தான். அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது தருமமோ சலுகையோ ஆகாது. எல்லாப் பிள்ளைகளையும் கட்டாயமாக வரச்சொன்ன அரசும் பள்ளியும் அந்தப் பிள்ளைக்குப் பட்ட கடன் அது.

வேறுபடுத்திக் கற்பித்தால் பலன் உண்டா என்பதற்கு நம் ஊரிலேயே அனுபவம் இருக்கிறது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பிள்ளைகளைத் தரையில் பாய் விரித்து உட்காரவைத்து, ஏணிப்படிபோல் அடுக்கிய அட்டைகளை அவரவர் வேகத்தில் கடக்கச் சொன்னது; பின்னர் மாநிலமெங்கும் பரவியது. பெருந்தொற்றில் ஏறத்தாழ 19 மாதம் தொடக்கப் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பார்த்து, நிலைக்கேற்ற பயிற்சி கொடுப்பது அதன் முறை. பிற இடங்களின் அனுபவமும் இதே திசையைக் காட்டுகிறது. வடோதராவிலும் மும்பையிலும் பிரதம் அமைப்பு, பின்தங்கிய பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியே உட்காரவைத்து, உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு அடிப்படைப் பாடம் கற்பித்தது. அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையில், முதல் வகுப்பை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிப் பள்ளிகளில் கற்றல் நிலைப்படி, மறுபாதியில் குலுக்கல் முறையில். நிலைப்படி பிரித்த பள்ளிகளில் முன்னே இருந்தவர்களும் பின்தங்கியவர்களும் சேர்ந்தே உயர்ந்தார்கள். பாடம் பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

இதற்கு எதிராக எழும் முதல் வாதம் வலுவானது. முன்னால் நிற்கும் பிள்ளையும் ஏழைப் பிள்ளைதான். அதன் நேரத்தை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க யாருக்கு உரிமை? அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் பட்டறைத் தொழிலாளி, ‘என் பொண்ணு நல்லா படிக்கிறா, அவளைச் சும்மா உட்கார வைக்கிறாங்க’ என்று சொன்னால், அதில் சுயநலம் எதுவும் இல்லை. மேலே சொன்ன அளவுகோலே இந்தப் பிள்ளைக்காகவும் பேசுகிறது: எட்டாம் வகுப்புக் கணக்குக்குத் தயாராக இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை வேறு யார் சொல்லித் தருவார்கள்? எனவே தேவைக்கேற்பப் பங்கிடுவது என்றால் பின்தங்கியவருக்கே எல்லாம் என்று பொருளல்ல. எந்தப் பிள்ளையின் பங்கும் ஒன்றுமில்லாமல் போகக் கூடாது. தனக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கேட்டபடி எந்தப் பிள்ளையும் ஒரு பாடவேளையைக் கழிக்கக் கூடாது. ஆனால் இந்தக் குறையில் ஒரு தவறான கணக்கும் ஒளிந்திருக்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளையைச் சும்மா உட்காரவைப்பது அருகில் இருக்கும் ஒடியா பிள்ளை அல்ல. முப்பது பேருக்கும் ஒரே பக்கத்தைத் திறக்கச் சொல்லும் பாடமுறைதான் ஒருவரை வெறுமனே காக்கவைக்கிறது, இன்னொருவரைத் திணறவைக்கிறது. நிலைக்கேற்ற பாடம் இருவரையுமே விடுவிக்கிறது.

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. பிரித்துக் கற்பிப்பது முத்திரை குத்துவதில் முடியும் என்கிறது அது. அரும்பு, மொட்டு என்று எவ்வளவு மென்மையாகப் பெயர் வைத்தாலும், எது மேல், எது கீழ் என்பதைப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். காலங்காலமாகக் கடைசி பெஞ்சுக்கு யாரை அனுப்பினோம் என்பதை அறிந்த சமூகம் இது. நிலை பார்த்துப் பிரித்த வரிசை, சாதி பார்த்துப் பிரித்த வரிசையாகவே அமைந்துவிடும் ஆபத்து உண்மையானது. இதற்கு விடை பிரிப்பதைக் கைவிடுவதில் இல்லை. அதற்குக் கடுமையான நிபந்தனைகள் விதிப்பதில் இருக்கிறது. நிலை என்பது ஒரு பாடத்தில் இன்றைய இடமாக மட்டும் இருக்க வேண்டும். அது பிள்ளையின் பெயராகிவிடக் கூடாது. 2025-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது. கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் பார்க்கும் பிள்ளைகள் பல பொருள்களின் விலையை மனத்திலேயே கூட்டிச் சில்லறை சரியாகக் கொடுத்தார்கள். அதே பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் ஏட்டில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இவர்களில் யார் அரும்பு, யார் மலர்? ஆவடியில் பாசிமணி விற்கும் அம்மாவோடு சில்லறை எண்ணிப் பழகிய பிள்ளையொன்று இருந்தால், தமிழ் வாசிப்பில் அது அடிப்படியிலும் மனக்கணக்கில் உச்சிப்படியிலும் நிற்கலாம். பாடத்துக்குப் பாடம் நிலை மாறவும், சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்க்கவும், மற்ற நேரமெல்லாம் எல்லாரும் கலந்தே உட்காரவும் வழி இருந்தால் முத்திரை ஒட்டாது. ஓர் ஆண்டு முழுக்க ஒரு பிள்ளைகூட நிலை மாறவில்லை என்றால், அங்கே தோற்றது பள்ளி.

ஒன்றாக உட்காரவைப்பது மட்டுமே சமத்துவம் என்ற எதிர்முனை நம்பிக்கையும் இங்கே சோதனைக்கு உள்ளாக வேண்டும். பூந்தமல்லி இதற்குப் பொருத்தமான ஊர். பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளியும், பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் அங்கே இருக்கின்றன. ஆறு புள்ளிகளில் உலகைப் படிக்கவும், கோல் பிடித்துச் சாலை கடக்கவும் கற்றுத்தரும் அறிவு அந்த வளாகங்களில் சேர்ந்திருக்கிறது. பிரெய்ல் தெரியாத ஆசிரியரின் வகுப்பில், பிரெய்ல் புத்தகம் இல்லாமல், கண் தெரியும் பிள்ளைகளோடு ‘ஒன்றாக’ உட்கார்ந்திருக்கும் பிள்ளை வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அருகிலுள்ள பள்ளி, சிறப்புப் பள்ளி இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்கே கொடுத்திருப்பது இதனால்தான். ஆனால் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அது தேர்வே அல்ல. பூந்தமல்லியில் சேர்ந்திருக்கும் அறிவு அம்பத்தூர்த் தெருப்பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தரப்படுவதைச் சலுகை என்று முணுமுணுப்பவர்களுக்கும் இதே பதில்தான்: வரலாறு தெரியுமா என்று கேட்கும் தேர்வு, கை எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அளக்கக் கூடாது.

கடைசி வாதம் ஆசிரியர்களுடையது. அவர்கள் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. முப்பது பிள்ளைகள், மூன்று நிலைகள், நான்கு வீட்டுமொழிகள், இதற்கு நடுவே செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்கள். இயலாததைக் கடமை என்று ஒருவர் தலையில் சுமத்துவது அறம் அல்ல. வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார்கள். ஒரு பிள்ளையிடம் அவர்கள் உட்காரும் நேரம் மிகக் குறைவு. சிறப்பாசிரியர்களுக்கு எண்ணிக்கை வரையறுத்து நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணியிடங்களை நிரப்பாமல், எல்லாரையும் உள்ளடக்கிய கல்வி என்று அறிவிப்பவர்கள் தங்கள் கடனை ஆசிரியரின் மனச்சாட்சி மேல் எழுதிவைக்கிறார்கள். ஆனாலும் ஆள் வரும்வரை ஆசிரியருக்குக் கடமையே இல்லை என்றும் ஆகிவிடாது. ஒலி விதியைச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். ‘இவனுக்கு வராது’ என்று வகுப்பின் முன்னால் சொல்லாமல் இருக்க ஒரு நொடியும் வேண்டியதில்லை.

அந்தக் கடமையின் மிகச் சிறிய வடிவம் சூளைப் பிள்ளையின் விஷயத்தில் தெரிகிறது. ஊரில் அறுவடை முடிந்து குடும்பம் இங்கே வந்து சேரும்போது பள்ளி ஆண்டில் பாதி போயிருக்கும். மழைக்கு முன்னால் திரும்பும்போது இங்கே புதிய ஆண்டு தொடங்கும் நேரமாகியிருக்கும். இங்கும் அங்கும் அந்தப் பிள்ளை பாதி ஆண்டுப் பிள்ளை. வந்த ஒவ்வோர் இடத்திலும் முதல் எழுத்திலிருந்தே தொடங்கவைக்கப்படும் பிள்ளைக்கு, எந்தப் படிவரை ஏறியிருக்கிறது, எந்த எழுத்தில் தடுக்குகிறது, கணக்கில் எது கைவந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்பலாம். அடுத்த ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்து, அந்த இடத்திலிருந்து தொடங்கலாம். அதை எழுத எண்பது நொடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். அந்த நேரம் அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டியதுதான்.